ஜேசிஏ அடாப்டர்: பூல் அளவு 20தான், ஆனால் பின்னால் உள்ள சர்வரில் 200 செஷன் நிரம்பிவிடுகிறது. உதவி தேவை

மணல்வரி:

வணக்கம் நண்பர்களே. பழைய கிடங்கு மேலாண்மை அமைப்பு ஒன்றையும் எங்கள் ஜாவா பயன்பாட்டையும் இணைக்கும் ரிசோர்ஸ் அடாப்டரைப் பராமரிக்கும் பொறுப்பு இப்போது எனக்கு வந்திருக்கிறது. எழுதிய குழு கலைந்துவிட்டது. சோர்ஸ் கோட் கையில் இருக்கிறது, ஆவணம் எதுவும் இல்லை.

அமைப்பு இதுதான்: வைல்ட்ஃபிளை சர்வர், ஜேசிஏ 1.7 (ஜாவா சர்வரை வெளி அமைப்புகளோடு இணைக்கும் தரமுறை), வெளிச்செல்லும் அழைப்புகள் மட்டும். கிடங்கு அமைப்புடன் நேரடி டிசிபி சாக்கெட்டில் பேசுகிறது. ஒவ்வொரு இணைப்பும் முதலில் பயன்பாடு தரும் பயனர் பெயர், கடவுச்சொல், கிளைக் குறியீடு கொடுத்து லாகின் செய்ய வேண்டும். கான்ஃபிகில் பூலின் (மறுபயன்பாட்டுக்காகத் திறந்து வைக்கும் இணைப்புகளின் தொகுப்பு) அதிகபட்ச அளவு 20, சும்மா இருக்கும் இணைப்பைக் கழிக்கும் நேரம் 30 நிமிடம்.

பிரச்சினை: கிடங்கு அமைப்பு ஒரே நேரத்தில் 200 செஷன்களைத்தான் அனுமதிக்கும். சாதாரண நாட்களில் எல்லாம் ஓடுகிறது. மாதக் கடைசியில் வேலை கூடும்போது 'செஷன் வரம்பு தாண்டியது' என்று லாகினையே மறுக்கிறது. அந்த நேரத்தில் எங்கள் பக்கம் உண்மையில் பயன்பாட்டில் இருப்பது இரண்டு மூன்று இணைப்புகள்தான். எங்கள் வைல்ட்ஃபிளை சர்வரை மறுபடி தொடங்கினால் சரியாகிவிடுகிறது. பயன்பாட்டுக் கோடில் எல்லா இடத்திலும் டிரை-வித்-ரிசோர்சஸ் (வேலை முடிந்ததும் தானாக மூடும் ஜாவா வடிவம்) இருக்கிறது, க்ளோஸ் விடுபடவில்லை என்று பார்த்துவிட்டேன்.

20 என்று வரம்பு வைத்த பூல் எப்படி 200 செஷனைத் திறக்கும்?

கூடல்நிரல்:

முதலில் சந்தேகப்பட வேண்டியது டெஸ்ட்ராய் மெத்தடை. மேனேஜ்டுகனெக்ஷனில் (நிஜ இணைப்பு ஒன்றைக் குறிக்கும் அடாப்டர் வகுப்பு) க்ளீனப், டெஸ்ட்ராய் என்று இரண்டு இருக்கின்றன அல்லவா? பயன்பாடு தன் கையில் உள்ள ஹேண்டிலை (நிஜ இணைப்புக்கான பிடி) மூடியதும் கண்டெய்னர், அதாவது அடாப்டரை இயக்கும் சர்வர், கூப்பிடுவது க்ளீனப். அதில் சாக்கெட்டை மூடக் கூடாது, பழைய ஹேண்டில்களைச் செல்லாததாக்கி இணைப்பை அடுத்தவருக்குத் தயார் செய்தால் போதும். சாக்கெட்டை நிஜமாக மூட வேண்டிய இடம் டெஸ்ட்ராய். அங்கே சாக்கெட்டை மட்டும் மூடிவிட்டு லாகவுட் செய்தி அனுப்பாமல் விட்டால், நம் பக்கம் இணைப்பு போய்விடும், எதிர்ப்பக்கம் செஷன் அப்படியே கிடக்கும்.

ஊகிப்பதைவிட லாக் போட்டுப் பார்ப்பது மேல். ஃபேக்டரியில் (இணைப்புகளை உருவாக்கும் வகுப்பு) கிரியேட் மேனேஜ்டு கனெக்ஷன், மேட்ச் மேனேஜ்டு கனெக்ஷன்ஸ் (பூலில் இருப்பதில் பொருந்துவதைத் தேர்வது) இரண்டிலும், மேனேஜ்டுகனெக்ஷனில் கெட் கனெக்ஷன், க்ளீனப், டெஸ்ட்ராய் மூன்றிலும் ஒவ்வொரு வரி. கூடவே எந்த ஆப்ஜெக்ட் என்று தெரிய ஐடென்டிட்டி ஹாஷ்கோடையும் எழுதுங்கள். அடாப்டர் சிக்கலில் பாதி இந்த ஐந்து வரியிலேயே வெளியே வந்துவிடும்.

மணல்வரி:

போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கோரிக்கைக்கும் வருவது: கிரியேட், கெட் கனெக்ஷன், க்ளீனப். அடுத்த கோரிக்கைக்கு மறுபடியும் கிரியேட், அதுவும் புது ஆப்ஜெக்ட். மேட்ச் ஒரு தடவைகூட வரவில்லை. டெஸ்ட்ராய் வருகிறது, ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் கழித்து. அதில் லாகவுட் செய்தியும் சரியாகப் போகிறது.

அதாவது இணைப்பு கசியவில்லை, மறுபயன்பாடுதான் நடக்கவில்லை. இதற்கு என்ன காரணம் இருக்கலாம்?

தொடுவானம்:

மேட்ச் ஒருமுறைகூட வரவில்லை என்பது நல்ல துப்பு. சர்வர் கான்ஃபிகில் உள்ள உங்கள் கனெக்ஷன் டெஃபினிஷனில் பாதுகாப்புப் பகுதியில் 'அப்ளிகேஷன்' என்று இருக்கிறதா பாருங்கள். இருக்கும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் பயனர் பெயரைப் பயன்பாடே கொடுக்கிறது என்கிறீர்கள்.

அப்படி இருந்தால் வைல்ட்ஃபிளைக்குள் ஜேசிஏ வேலையைப் பார்க்கும் அயர்ன்ஜக்கமார் ஒரே பூலாக வைத்துக்கொள்ளாது. எப்படிப்பட்ட இணைப்பு வேண்டும் என்று சொல்லும் கனெக்ஷன்ரிக்வெஸ்ட்இன்ஃபோ என்ற ஆப்ஜெக்டைச் சாவியாக வைத்து, ஒவ்வொரு சாவிக்கும் ஒரு துணைப் பூல் திறக்கும். பலரும் கவனிக்காத விஷயம், அதிகபட்ச அளவு 20 என்பது ஒவ்வொரு துணைப் பூலுக்கும் தனித்தனி. மொத்தத்துக்கு அல்ல. ஆகவே உங்கள் கேள்விக்கு நேர் பதில்: 20 என்ற வரம்பு மீறப்படவே இல்லை. ஒரே ஒரு இணைப்பு இருக்கும் துணைப் பூல்கள் நூற்றுக்கணக்கில் திறந்திருக்கின்றன.

ஏன் ஒவ்வொரு தடவையும் புதுச் சாவி? அந்த வகுப்பில் ஈக்வல்ஸ், ஹாஷ்கோட் (இரண்டு ஆப்ஜெக்டுகள் சமமா என்று சொல்லும் மெத்தடுகள்) இரண்டும் எழுதாமல் விட்டிருந்தால் ஜாவா இயல்பாக ஆப்ஜெக்ட் அடையாளத்தைத்தான் ஒப்பிடும். ஒவ்வொரு கோரிக்கையும் புதிதாக ஒன்றை உருவாக்குவதால் எதுவும் எதற்கும் சமமாகாது. மேட்ச்சுக்குக் காட்ட பூலில் ஏற்கெனவே இருக்கும் இணைப்பு வேண்டும். புதுத் துணைப் பூல் எப்போதும் காலி. அதனால்தான் அந்த மெத்தட் கூப்பிடப்படவே இல்லை.

கணக்கும் ஒத்துவருகிறது. நிமிடத்துக்கு 4 கோரிக்கை என்றால் 30 நிமிடத்தில் 120 செஷன் தேங்கும். சும்மா இருப்பதைக் கழிக்கும் த்ரெட் அந்த நேரத்தில் பாதிக்கு ஒருமுறை, அதாவது 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓடும். சில இணைப்புகள் 45 நிமிடம் வரை நிற்கும். அப்படியும் 200-ஐத் தொடாது. நிமிடத்துக்கு 8 ஆனால் 240. மாதக் கடைசியில் மட்டும் விழுவது அதனால்தான்.

அந்த வகுப்பில் என்னென்ன ஃபீல்டு இருக்கிறது என்று சொல்லுங்கள்.

மணல்வரி:

பாதுகாப்புப் பகுதியில் நீங்கள் சொன்னபடி அப்ளிகேஷன்தான் இருக்கிறது. ஆனால் ஈக்வல்ஸ், ஹாஷ்கோட் இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றனவே! ஐடிஇ உருவாக்கிக் கொடுத்த வடிவம். ஃபீல்டுகள் நான்கு: பயனர் பெயர், கடவுச்சொல், கிளைக் குறியீடு, தடஎண். நான்கையும் ஒப்பிடுகிறது. தடஎண் என்பது ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக உருவாகும் யுயுஐடி (மறுபடி வராத தனி எண்), எதிர்ப்பக்க லாகில் தேடுவதற்காக.

தொடுவானம்:

அந்தத் தடஎண்தான். ஈக்வல்ஸ் இல்லாமல் இருப்பதும், என்றும் சமமாகாத ஈக்வல்ஸ் இருப்பதும் விளைவில் ஒன்றே. இரண்டாவதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், கோடைப் படிப்பவர் 'எழுதியிருக்கிறார்கள்' என்று கடந்துவிடுவார்.

அந்த வகுப்புக்குள் எது போகலாம் என்பதற்கு நான் கேட்டுப் பார்க்கும் கேள்வி: இந்த மதிப்பு மாறினால் மறுபடி லாகின் செய்ய வேண்டுமா? ஆம் என்றால் அது இணைப்பின் அடையாளம், உள்ளே இருக்கட்டும். பயனர், கடவுச்சொல், கிளை மூன்றும் அப்படி. தடஎண் ஒரு தனி அழைப்பைச் சேர்ந்தது. உங்கள் அடாப்டர் சிசிஐ (பயன்பாடு அடாப்டரைக் கூப்பிட ஜேசிஏ தரும் பொது இன்டர்ஃபேஸ்) முறையில் எழுதப்பட்டிருந்தால் அதற்கு இன்டராக்ஷன்ஸ்பெக் (ஒரு தனி அழைப்பின் விவரம்) இருக்கிறது. ஒவ்வொரு எக்ஸிக்யூட்டுக்கும் அதையும் உள்ளீட்டு ரெக்கார்டையும் சேர்த்துக் கொடுக்கிறோம், தடஎண்ணை அங்கே வையுங்கள். சொந்த இன்டர்ஃபேஸ் என்றால் அனுப்பும் மெத்தடுக்கு ஒரு அளபுருவாகச் சேர்த்தால் போயிற்று.

மேனேஜ்டுகனெக்ஷன்ஃபேக்டரியிலும் இதே இரண்டு மெத்தடையும் சரிபாருங்கள், ஸ்பெக் அதையும் கட்டாயமாகக் கேட்கிறது. அப்புறம், ஆப்ஜெக்டை எழுத்தாக்கும் டூஸ்ட்ரிங்கில் கடவுச்சொல் அச்சாகிறதா என்றும் ஒரு பார்வை.

நிழற்கோடு:

இவ்வளவு தேவையா? அப்ளிகேஷன் என்ற அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் எல்லாம் ஒரே பூலாகிவிடும், 20 என்பது உண்மையிலேயே 20 ஆகும். கோடில் கை வைக்காமல் இன்றைக்கே தீர்ந்துவிடுமே.

தொடுவானம்:

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரே பூலில் வெவ்வேறு பயனர்களின் இணைப்புகள் கலந்து கிடக்கும். எது யாருக்கு என்று தீர்மானிக்கும் முழுப் பொறுப்பும் அப்போது மேட்ச் மெத்தடின் தலையில் விழுகிறது. இந்த அடாப்டரில் அந்த மெத்தட் இதுவரை ஓடியதே இல்லை, அதாவது அது சரியாக எழுதப்பட்டதா என்று யாருக்கும் தெரியாது. தொகுப்பில் முதலில் இருப்பதைத் திருப்பிக் கொடுக்கும் மேட்ச் மெத்தடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் ஒரு கிளையின் கோரிக்கை இன்னொரு கிளையின் செஷனில் போகும், எந்தப் பிழையும் வராது, கையிருப்பு மட்டும் தப்பான கிளையில் குறையும். செஷன் நிரம்பி மறுப்பது அதைவிட எவ்வளவோ மேல், குறைந்தபட்சம் கண்ணுக்குத் தெரிகிறது.

மணல்வரி, சாவியைச் சரிசெய்ததும் மேட்ச் முதல்முறையாக ஓடத் தொடங்கும். அதனால் அதையும் இப்போதே படியுங்கள். பொருந்தும் இணைப்பு இல்லையென்றால் நல் (null, வெற்று மதிப்பு) திருப்ப வேண்டும், எக்ஸெப்ஷன் வீசக் கூடாது.

மணல்வரி:

மிக்க நன்றி. மேட்ச்சைத் திறந்து பார்த்தேன். நீங்கள் பயந்தபடியே, தொகுப்பின் முதல் உறுப்பைத் திருப்பிக்கொண்டிருந்தது! பயனரையும் கிளையையும் ஒப்பிடும்படி மாற்றினேன். தடஎண்ணை இன்டராக்ஷன்ஸ்பெக்குக்கு நகர்த்தினேன். சோதனைச் சுமையில் எதிர்ப்பக்கச் செஷன்கள் இப்போது 20-ஐத் தாண்டவில்லை.

ஆனால் புதிதாக ஒன்று. கிடங்கு அமைப்பை இரவில் ஒருமுறை நிறுத்தித் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு வரும் முதல் சில கோரிக்கைகள் 'ப்ரோக்கன் பைப்' (இணைப்பு அறுந்தது) என்று விழுகின்றன. ஒரே இணைப்பு திரும்பத் திரும்ப விழுவதும் லாகில் தெரிகிறது. முன்பு இப்படி இல்லை.

கூடல்நிரல்:

முன்பு ஒவ்வொரு தடவையும் புது இணைப்பு என்பதால் இந்தக் குறை மறைந்திருந்தது. செத்த இணைப்பு பூலுக்குத் திரும்புகிறது என்றால், சாக்கெட் பிழையைப் பிடிக்கும் இடத்தில் கனெக்ஷன் எரர் அக்கர்டு நிகழ்வைக் கண்டெய்னர் பதிவு செய்த லிசனர்களுக்கு அனுப்பவில்லை என்று அர்த்தம். அதை அனுப்பினால்தான் கண்டெய்னர் அந்த இணைப்பை டெஸ்ட்ராய் செய்து பூலிலிருந்து தூக்கும். எக்ஸெப்ஷனைப் பயன்பாட்டுக்கு வீசுவது மட்டும் போதாது, கண்டெய்னருக்கு அது தெரியாது.

அதே சமயம் எல்லாப் பிழைக்கும் அனுப்பிவிடாதீர்கள். 'கையிருப்பு போதவில்லை' என்று எதிர்ப்பக்கம் சொல்வது ஒழுங்கான பதில், இணைப்பு நலமாகத்தான் இருக்கிறது. சாக்கெட் அறுந்தது, பாதியில் டைம்அவுட் ஆனது, நெறிமுறைப்படி வராத பைட்கள் வந்தது, இவற்றுக்கு அனுப்புங்கள். டைம்அவுட்டை ஏன் சேர்க்கிறேன் என்றால், தாமதமாக வரும் பதிலை அடுத்த கோரிக்கை தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும்.

முதல் கோரிக்கையும் விழக் கூடாது என்றால் ஃபேக்டரியில் வேலிடேட்டிங் மேனேஜ்டு கனெக்ஷன் ஃபேக்டரி இன்டர்ஃபேஸையும் செயல்படுத்துங்கள். 1.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. செல்லாத இணைப்புகளைத் தேர்ந்து திருப்பும் ஒரே மெத்தட்தான். அதற்குள் சின்ன பிங் செய்தி அனுப்பிப் பாருங்கள், பிங்குக்குக் குறுகிய டைம்அவுட் வைக்க மறக்காதீர்கள். கான்ஃபிகில் பின்னணிச் சோதனையைத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் சோதிப்பதும் முடியும், அதற்கு ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு சுற்றுப்பயணம் கூடும்.

தொடுவானம்:

இவ்வளவு தூரம் வந்ததால் இன்னொன்றும் கேட்கிறேன். அடாப்டரை விவரிக்கும் ஆர்ஏ.எக்ஸ்எம்எல் கோப்பில் பரிவர்த்தனை ஆதரவு என்னவென்று இருக்கிறது?

மணல்வரி:

எக்ஸ்ஏ டிரான்சாக்ஷன், அதாவது பல அமைப்புகள் முதலில் ப்ரிப்பேர், பிறகு கமிட் என்று இரண்டு கட்டமாகச் சேர்ந்து முடிக்கும் முறை. ஆனால் கிடங்கு அமைப்பில் இரண்டு கட்டக் கமிட் கிடையாது. கோடில் ப்ரிப்பேர் எப்போதும் எக்ஸ்ஏ ஓகே என்று திருப்புகிறது, ரிகவர் காலிப் பட்டியல் கொடுக்கிறது, கமிட்டில்தான் உண்மையான செய்தி போகிறது. இது தவறா?

தொடுவானம்:

தவறுதான், இந்த இழையிலேயே என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான். ப்ரிப்பேர் சரி என்று சொன்னால் 'என்ன நடந்தாலும் கமிட் செய்வேன்' என்று வாக்குக் கொடுப்பதாக அர்த்தம். உங்கள் அடாப்டர் அதைக் காப்பாற்ற முடியாது. டேட்டாபேஸ் கமிட் ஆனபிறகு கிடங்குக்கான கமிட் செய்தி மறுக்கப்பட்டால் ஆர்டர் பதிவாகியிருக்கும், கையிருப்பு குறைந்திருக்காது. நடுவில் சர்வர் விழுந்தாலும் ரிகவர் காலியாக இருப்பதால் பரிவர்த்தனை மேலாளருக்கு மீட்க வழியில்லை.

லோக்கல் டிரான்சாக்ஷன் (ஒரே கட்டத்தில் கமிட் ஆவது) என்று உண்மையை அறிவியுங்கள். கெட் எக்ஸ்ஏ ரிசோர்ஸ் மெத்தட் நாட் சப்போர்ட்டட் எக்ஸெப்ஷன் வீசட்டும். டேட்டாபேஸ் எக்ஸ்ஏ டேட்டாசோர்ஸாக இருந்தால், ஒரே ஒரு லோக்கல் ரிசோர்ஸைக் கடைசி ஆளாகச் சேர்த்துக்கொள்ளப் பரிவர்த்தனை மேலாளர் அனுமதிக்கும். டேட்டாபேஸ் ப்ரிப்பேர் ஆனபின் கிடங்கு கமிட் ஆகும், அது சரி என்றால்தான் டேட்டாபேஸ் கமிட் ஆகும். கிடங்கு மறுத்தால் எல்லாமே திரும்பும்.

இதிலும் ஒரு சிறு இடைவெளி உண்டு: கிடங்கு கமிட் ஆன நொடியில், மேலாளர் முடிவை எழுதும் முன் சர்வர் விழுந்தால் டேட்டாபேஸ் பின்வாங்கும், கிடங்கில் மட்டும் கணக்கு ஏறியிருக்கும். பயன்பாடு மறுபடி முயலும்போது இரண்டாம் முறை குறையாமலிருக்க, கிடங்குப் பக்கம் ஒரே எண்ணில் வரும் இரண்டாவது கோரிக்கையை அடையாளம் கண்டு பழைய பதிலையே தர வேண்டும். அந்தத் தடஎண் இதற்கு உதவும், மறுமுயற்சியில் புதிதாக உருவாக்காமல் பழையதையே அனுப்பினால்.

மணல்வரி:

புரிந்தது. கிடங்குக் குழுவிடம் பேசினேன், தடஎண்ணை அவர்கள் ஏற்கெனவே சேமிக்கிறார்கள், தனித்தன்மை விதி மட்டும் சேர்க்க வேண்டுமாம். லோக்கலுக்கு மாற்றிச் சோதனையில் விட்டிருக்கிறேன். கமிட்டுக்கு நடுவே சர்வரைக் கொன்று பார்க்கும் சோதனையும் எழுதுகிறேன். கடைசியாக ஒன்று: வைல்ட்ஃபிளையின் புதிய பதிப்புக்குப் போகும் திட்டமும் இருக்கிறது. அடாப்டரின் இதே ரார் (தொகுப்புக்) கோப்பு ஓடுமா?

கூடல்நிரல்:

27-ஆம் பதிப்பிலிருந்து வைல்ட்ஃபிளை ஜக்கார்த்தா இஇ 10 (ஜக்கார்த்தா இஇ என்பது ஜாவா இஇ தரமுறையின் புதிய பெயர்). ஜாவாஎக்ஸ்.ரிசோர்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ்கள் எல்லாம் ஜக்கார்த்தா.ரிசோர்ஸ் ஆகிவிட்டன, இந்த மாற்றம் 2020-இல் வந்த ஜக்கார்த்தா இஇ 9-இலேயே நடந்தது. இம்போர்ட்டுகளை மாற்றி மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், ஆர்ஏ.எக்ஸ்எம்எல் தலைப்பில் உள்ள நேம்ஸ்பேஸையும். ஜாவாஎக்ஸ்.டிரான்சாக்ஷனும் மாறிவிட்டது. ஆனால் ஜாவாஎக்ஸ்.டிரான்சாக்ஷன்.எக்ஸ்ஏ ஜேடிகேயின் பகுதி, அதைத் தொடாதீர்கள். மொத்தமாகத் தேடி மாற்றும்போது அதுவும் சேர்ந்து போய் கம்பைல் உடையும். இப்போதைய திருத்தங்களை முதலில் வெளியிட்டு, ஒரு மாதக் கடைசியைத் தாண்டவிட்டு, அப்புறம் இதைத் தொடுங்கள்.