நிலாவெளி வீதியில் சைக்கிள் பாதை கேட்பது சரியா, வேறு என்ன கேட்கலாம்?

சாம்பல்தீவான் எழுதியது:

வணக்கம். எங்கள் பக்கத்துப் பெற்றோர் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம், அதுக்குத்தான் இங்கே ஆலோசனை கேட்கிறேன். சாம்பல்தீவில் இருந்து உப்புவெளி தாண்டித் திருகோணமலை டவுனுக்குப் பள்ளிக்கூடம், ரியூசன் என்று சைக்கிளில் போகிற பிள்ளைகள் நிறையப் பேர், என் மகளும் அதில் ஒருத்தி. வீதிக்குத் தார் போட்டுக் காப்பெட் ஆனது நல்லதுதான், ஆனால் குண்டும் குழியுமாகக் கிடந்த காலத்தில் உருண்டு வந்த வாகனங்கள் எல்லாம் இப்போது பறக்கின்றன. மே மாதம் பிறந்தால் நிலாவெளிக்குச் சுற்றுலா வருகிற வேன்களும் பஸ்களும் வேறு. பின்னால் வந்து ஹோர்ன் அடித்தால் பிள்ளை வீதியோரக் கிரவலுக்குள் இறங்கித்தான் ஆகவேண்டும் என்பது ஏதோ சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

மனுவில் இப்போதைக்கு எழுதி வைத்திருப்பது "வீதியின் இரு மருங்கிலும் கோடு போட்டு சைக்கிள் பாதை ஒதுக்கித் தரவும்" என்பதுதான். எங்களுக்குள்ளேயே ஒருவர் இது வேலைக்கு ஆகாது என்கிறார். அப்படியென்றால் என்ன கேட்பது, யாரிடம் கொடுப்பது? "ஸ்கூட்டி வாங்கிக் கொடுங்கள்" என்று மட்டும் தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம், பிள்ளைக்கு இன்னும் லைசென்ஸ் எடுக்கிற வயதே வரவில்லை.

பழைய_ரலி எழுதியது:

தம்பி, வீதி வேலைகளில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற ஆள் நான். யாரிடம் கொடுப்பது என்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பாதி மனு தவறான மேசைக்குப் போய்த்தான் செத்துப்போகிறது. ஏ, பி வகுப்பு வீதிகள் எல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். உள்ளே இருக்கிற ஒழுங்கைகள் உள்ளூராட்சி சபைக்கு. நீங்கள் சொல்கிற திருகோணமலை புல்மோட்டை வீதி பி வகுப்பு, ஆகவே உள்ளூராட்சி சபைத் தவிசாளரிடம் போய் நின்றால் அவர் தலையாட்டுவார், படம் எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான் அவரால் முடியும். அதிகார சபையின் நிறைவேற்றுப் பொறியியலாளருக்கு எழுதுங்கள், பிரதி ஒன்றை "பட்டினமும் சூழலும்" பிரதேச செயலகத்துக்கும் இன்னொன்றைப் பொலிஸ் போக்குவரத்துப் பிரிவுக்கும் கொடுங்கள். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நடக்கிற மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் யாராவது இதை எடுத்துப் பேசினால் இன்னும் நல்லது.

கோடு விஷயத்தில் அந்த மற்றவர் சொல்வதே சரி. வெறும் பெயின்ற் கோடு போட்ட அடுத்த நாளே அதன்மேல் ஓட்டோ நிற்கும், பழ வண்டில் நிற்கும். அப்புறம் பிள்ளை அதைச் சுற்றிப்போக நடு வீதிக்கு வரவேண்டும், அது கோடு இல்லாததை விட மோசம்.

நான் கேட்கச் சொல்வது வீதி விளிம்பை. ஒவ்வொரு தடவை காப்பெட் போடும்போதும் வீதி நாலைந்து சென்ரிமீற்றர் உயரும், பக்கத்துக் கிரவல் அப்படியே கிடக்கும், மழைக்கு அதுவும் அரித்துப் போகும். கடைசியில் ஒரு படி மாதிரி நிற்கிறது. சைக்கிள் அதில் இருந்து இறங்குவதை விடத் திரும்ப ஏறுவதுதான் ஆபத்து. விளிம்போடு சேர்ந்து ஓடியபடியே மெதுவாக ஏறப் பார்த்தால் முன் ரயர் விளிம்பில் உரசிக்கொண்டே போகும், ஏறாது, ஆள் வீதிப் பக்கமாக விழுவார், பின்னால் வருகிற வாகனத்துக்கு முன்னால். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்: கிரவலில் இறங்கினால் அங்கேயே நில், பின்னால் பார், பிறகு ஏறு. மனுவில் எழுத வேண்டியது, கிரவல் போட்டு உருளை ஓட்டி வீதி மட்டத்துக்கு ஓரத்தை உயர்த்தவும், காப்பெட் விளிம்பைச் செங்குத்தாக விடாமல் சரிவாக முடிக்கவும். இதுக்கு வெளிநாட்டு நிபுணர் யாரும் வேண்டாம், பராமரிப்புக் காசிலேயே செய்யக்கூடிய வேலை. எந்த இடத்தில் படி எவ்வளவு உயரம் என்று அடிமட்டம் வைத்து அளந்து படத்தோடு கொடுங்கள். உடைந்த கான் (வடிகால்) மூடிகளையும் சேர்த்து எழுதுங்கள்.

டென்ஹாக்_திருமலை எழுதியது:

நான் நெதர்லாந்தில் இருக்கிறேன், ஊர் திருமலைதான். "அங்கே எல்லாம் அப்படி, இங்கே இப்படி" என்று புலம்ப வரவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இந்த நாடு பிறந்த நாளில் இருந்து இப்படி இருக்கவில்லை. 1971இல் இங்கே வீதி விபத்துகளில் 3000க்கும் அதிகமானோர் இறந்தார்கள், அதில் 400க்கும் மேல் சிறுவர்கள். அதுக்குப் பிறகுதான் பெற்றோர் "பிள்ளைக் கொலையை நிறுத்து" என்ற பெயரில் இயக்கம் தொடங்கி வீதியில் இறங்கினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடியும் வர, சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டார்கள். அந்த இரண்டும் சேர்ந்துதான் திசையைத் திருப்பியது. இலங்கையில் எங்களுக்கும் 2022இல் அதே மாதிரி ஒன்று வந்தது, பெற்றோல் 470 ரூபா, பெற்றோல் அடிக்கக் கியூஆர் கோட், லுமாலா சைக்கிளுக்கு அடிபிடி. நாங்கள் வரிசையில் நின்றோம், பெற்றோல் வந்ததும் எல்லாவற்றையும் மறந்தோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பாதை போடுகிறபோது முதலில் பார்ப்பது வேகத்தைத்தான். வாகனங்கள் மணிக்கு 30இல் போகிற தெருவில் சைக்கிளுக்குத் தனிப் பாதை பெரும்பாலும் இருக்காது, கலந்து ஓடுவார்கள். 50 என்றால் பிரித்துவிடப் பார்ப்பார்கள், பிரிப்பது என்றால் வெறும் கோடு இல்லை, நடுவில் உயர்த்திய கட்டு. காரணம் சின்னக் கணக்குத்தான்: 30இல் வருகிற அதே வாகனம் 50இல் வந்தால் மோதலின் சக்தி கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. சாரதி கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு செக்கன் எடுத்தால் 30இல் 8 மீற்றர் போயிருக்கும், 50இல் 14 மீற்றர். 2020இல் ஸ்ரொக்ஹோம் மாநாட்டில் உலக நாடுகள் வெளியிட்ட பிரகடனமும், ஆட்களும் வாகனமும் கலக்கிற இடத்தில் 30ஐத்தான் சொல்கிறது. அம்ஸ்ரர்டாம் 2023 டிசம்பரில் நகரத்தின் பெரும்பாலான வீதிகளை 30க்கு இறக்கியது.

நிலாவெளி வீதி முழுவதையும் 30 ஆக்கு என்றால் சிரிப்பார்கள். பாடசாலை வாசல், உப்புவெளியில் ஹோட்டல்கள் நெருங்கியிருக்கிற துண்டு, சந்திகள், இவ்வளவுக்கு மட்டும் கேளுங்கள். பலகையை மட்டும் நட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள், பாதசாரிக் கடவையை உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள், சாரதி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வேகம் குறையும்.

கடைமுதலாளி எழுதியது:

எல்லாரும் வாகனக்காரனையே திட்டுகிறீர்கள், மறு பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். பின்னேரம் ரியூசன் விட்டால் நாலு பேர் கைகோர்க்காத குறையாகப் பக்கம் பக்கமாக ஓடி வருகிறார்கள். இருட்டினால் ஒருத்தரிடமும் லைட் இல்லை. தவறான பக்கத்தால் எதிரே வருகிறார்கள். முந்தி டைனமோ எரியாவிட்டால், டபிள்ஸ் போனால் பொலிஸ் பிடிப்பான், இப்போது யார் கேட்கிறார்கள்? இன்னொன்று, கடைக்கு முன்னால் வாகனம் நிறுத்த விடாமல் பண்ணினால் நாங்கள் என்ன செய்வது, வியாபாரத்தை மூடுவதா?

கச்சான்_காத்து எழுதியது:

அண்ணா, லைட் விஷயம் உண்மை, அதை மறுக்கவில்லை. பின்னால் சிவப்பு ஒளிதெறிப்பான் கூட இல்லாத சைக்கிள்கள்தான் கூட. ஆனால் லைட் இல்லாத பிள்ளை யாரையும் இடித்துக் கொல்லப் போவதில்லை, அந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். கடை முன்னால் நிறுத்துகிற விஷயத்துக்கு ஒரு வழி இருக்கிறது, ஒரு கார் நிற்கிற இடத்தில் பத்துச் சைக்கிள் நிற்கும், கடைக்கு முன்னால் சைக்கிள் நிறுத்த ஒரு கம்பி நட்டுப் பாருங்கள், யார் அடிக்கடி சாமான் வாங்க வருகிறார்கள் என்று தெரியும்.

நான் உப்புவெளியில் இருந்து டவுனுக்கு வேலைக்குச் சைக்கிளில் போய் வருகிற ஆள், பெண். இங்கே யாரும் எழுதாத சிலதைச் சொல்கிறேன். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று மேற்கில் இருந்து பக்கவாட்டில் அடிக்கும், பஸ் ஒன்று முந்திப்போகிற அந்த நொடியில் காற்று தடைப்பட்டு, பஸ் போனதும் பளார் என்று திரும்ப அடிக்கும்போது சைக்கிள் ஒரு அடி நகர்ந்துவிடும். அதனால் விளிம்பை ஒட்டியே ஓடாமல் கொஞ்சம் உள்ளே, நேர்கோட்டில் ஓடுங்கள் என்று மகளிடம் சொல்லுங்கள். பார்ப்பவர்களுக்குத் துணிச்சல் மாதிரித் தெரியும், உண்மையில் அதுதான் பாதுகாப்பு, பின்னால் வருகிறவனுக்கும் முந்த இடம் இருக்கா இல்லையா என்று தெளிவாகத் தெரியும். நிற்கிற வாகனங்களைக் கடக்கும்போது ஒரு கதவு அகலம் விட்டுப் போகவேண்டும். ஓட்டோவுக்குப் பெரும்பாலும் கதவு இல்லை, ஆனால் ஆள் பார்க்காமல் குதிப்பார்.

இரவில் வீதியில் படுத்திருக்கிற மாடுகளைப் பற்றியும் மனுவில் ஒரு வரி போடுங்கள். மாரியில் வாடைக் காற்றும் மழையுமாக இருக்கிற நேரம் கறுப்பு மாடு கண்ணுக்கே தெரியாது. கோட்டைப் பக்கம் போனால் மான்கள் வேறு. அதில் ஒரு வேடிக்கை, மான் குறுக்கே வந்தால் எல்லாரும் அழகாக பிரேக் பிடித்து, போனை எடுத்துப் படமும் எடுக்கிறார்கள், பிள்ளை சைக்கிளில் குறுக்கே வந்தால் ஹோர்ன்.

மோட்டார் சைக்கிளில் பக்கத்தில் வந்து கதை கொடுக்கிறவர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். எத்தனையோ பெண் பிள்ளைகள் சைக்கிளை விட்டதற்கு வாகனத்துக்குப் பயந்தது மட்டும் காரணம் இல்லை. தெருவிளக்கு எரியாத துண்டுகளைக் குறித்துக் கொடுங்கள், விளக்கைப் பார்க்க வேண்டியது உள்ளூராட்சி சபை, அதுக்குத் தவிசாளரிடமே போகலாம்.

சாம்பல்தீவான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சைக்கிள் பாதை என்ற வரியை எடுத்துவிட்டு ஓரம் நிரப்புவது, உயர்த்திய கடவை, கான் மூடி, மாடு என்று பொறியியலாளருக்கு ஒரு கடிதமும், தெருவிளக்குக்குச் சபைக்குத் தனிக் கடிதமும் எழுதப் போகிறோம். கடைமுதலாளி அண்ணா, உங்கள் கடை வீதியோரத்தில்தானே, நீங்களும் ஒரு கையெழுத்து வைப்பீர்களா?

கடைமுதலாளி எழுதியது:

நிறுத்துகிற இடத்தில் கை வைக்காவிட்டால் வைக்கிறேன். கம்பி நடுகிற விஷயத்தையும் யோசிப்போம். ஆனால் பிள்ளைகளுக்கு லைட் வாங்கிப் பூட்டச் சொல்லுங்கள்.

பழைய_ரலி எழுதியது:

தம்பி, கடிதத்தைக் கையில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பதிவுத் தபால். ஓரம் அளக்கப் போகிற அன்று இங்கே ஒரு வரி போடுங்கள், அடிமட்டத்தோடு நானும் வருகிறேன். காலை வெயில் ஏற முதல் என்றால் நல்லது.