பலகைத் தளத்து பாத்ரூமில் டைல் பதித்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கோ

மார்க்கம்வாசி:
பழைய வினைலைக் கிழித்துப்போட்டு பிளைவுட் மேலேயே டைல் ஒட்டினோம். டைலுக்கு அடியில் போடுகிற சிமெண்ட் போர்ட் எல்லாம் கடைக்காரன் காசு பிடுங்கிற வேலை என்று மச்சான் சொன்னார், நானும் தலையாட்டினேன். ஜனவரியில் ஹீட்டர் ஓடி வீடு காய்ந்து கிடந்த நேரம், விடியற்காலை பல்லுத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன், காலடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் கொமோட்டிலிருந்து கதவு வரை தலைமயிர் மொத்தத்தில் ஒரு கோடு, ஐந்து டைலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, பலகை இரண்டும் சேருகிற இடத்துக்கு நேர் மேலே. மச்சானுக்கு இன்னும் சொல்லவில்லை.

எடிசன்காரன்:
நான் போர்ட் போட்டேன் சார், ஆனாலும் போச்சு. ஊரில் கான்கிரீட் மேல் கலவை கொட்டித் தட்டிப் பதிப்பதைப் பார்த்து வளர்ந்தவன், அதே நினைப்பில் போர்டுக்கு அடியில் தின்செட் (டைல் ஒட்டுகிற சிமெண்ட் கலவை) பூசாமல் வெறும் ஸ்க்ரூவில் நிறுத்திவிட்டேன். ஆறே மாதத்தில் டாய்லெட் பக்கம் டைல் இடுக்கில் நிரப்பின கிரவுட் மாவாக உதிர்ந்தது. சாவியால் தட்டினால் காலி டப்பா சத்தம். போர்ட் இன்னும் தடிமனாக வாங்கியிருந்தால் தளம் ஆடியிருக்காதோ என்று இப்போதும் தோன்றுகிறது.

பழைய தச்சன்:
எடிசன்காரரே, தோன்ற வேண்டாம். சிமெண்ட் போர்ட் தளத்துக்குப் பலம் தராது, அரை அங்குலம் போட்டாலும் தராது. பலம் கீழே ஜாய்ஸ்டில், அதாவது தளத்தைத் தாங்குகிற மர உத்தரத்தில் இருக்கிறது. பீங்கான் டைலுக்கு நீளத்தில் 360-இல் ஒரு பங்குக்கு மேல் வளையக் கூடாது, அதாவது 10 அடி ஜாய்ஸ்ட் என்றால் அங்குலத்தில் மூன்றில் ஒன்று. மார்பிள் என்றால் அதிலும் பாதிதான். அடியில் தின்செட், 8 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ, போர்டுகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு அதில் தின்செட், மெஷ் டேப். சுவரோரம் கால் அங்குலம் சும்மா விடுங்கள், அதில் கிரவுட்டைத் திணிக்காதீர்கள், பலகை உப்பினால் போக இடம் வேண்டாமா? நான் இப்போது போர்டுக்குப் பதில் டைலுக்கு அடியில் விரிக்கிற ஆரஞ்சு பிளாஸ்டிக் பாய்தான், போர்ட் சுமக்க முதுகு விடுவதில்லை. என் அனுபவமா? டைலால் தளம் உயர்ந்தது, கொமோட்டைக் கழிவுக் குழாயோடு இணைக்கிற ஃபிளேஞ்சை உயர்த்த மறந்தேன், நடுவில் கசியாமல் அடைக்கிற மெழுகு வளையம் பிடிக்கவில்லை. பொங்கலன்று கீழே சமையலறையில் அடுப்புக்கு மேல் சீலிங்கில் தேநீர் நிறத்தில் வட்டம்.

மார்க்கம்வாசி:
அண்ணை, அனுபவம் கேட்டால் கிளாஸ் எடுக்கிறீர்கள். சரி, அந்த வட்டத்துக்கு அப்புறம் என்ன நடந்தது?

பழைய தச்சன்:
கொமோட்டைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் பலகையைக் குத்தினேன். ஊறின ரஸ்க்கில் இறங்குகிற மாதிரி இறங்கியது, கைப்பிடி வரைக்கும்.