பார்சலில் ஒன்றும் இல்லை

கவின்: பெரியப்பா, ஓர் ஆங்கிலச் சந்தேகம். வேலையில் தப்பு செய்துவிட்டேன். வந்த பார்சலைப் பற்றி ஒரு வாடிக்கையாளர் போனில், "தேர் வாஸன்ட் நத்திங் இன் இட்" என்றார். 'வாஸன்ட்' என்றால் இல்லை, 'நத்திங்' என்றால் ஒன்றுமில்லை. இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடு என்றுதானே படித்தோம்? "உள்ளே பொருள் இருந்தது" என்று பதிவு செய்துவிட்டேன். அந்த அம்மாவுக்குப் பணம் திரும்பப் போகவில்லை. இன்று மறுபடி அழைத்து அழாத குறையாகப் பேசினார்.

பெரியப்பா: அடடா! பெட்டி காலி என்றல்லவா சொல்லியிருக்கிறார். அங்கே இரண்டாவது 'இல்லை' முதல் 'இல்லை'யை அழுத்திச் சொல்வதற்கு வருவது.

நித்யா: ஆனால் அது தப்பான இங்கிலீஷ்தானே பெரியப்பா? படிக்காதவர்கள் பேசுவது என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள்.

பெரியப்பா: அப்படிச் சொல்வதுதான் எனக்கு வருத்தம், நித்யா. 1400இல் இறந்த ஆங்கிலக் கவிஞர் சாசர், கேன்டர்பரி கதைகளில் ஒரு வீரனைப் பற்றி, 'வாழ்நாளில் யாரிடமும் தரக்குறைவாகப் பேசியதில்லை' என்கிறார். அவருடைய ஆங்கிலத்தில் இரண்டே அடிகளில் நான்கு எதிர்மறைகள்! எதுவும் எதையும் அழிக்கவில்லை. பிறகு எழுத்தில் இந்த வழக்கம் தேய்ந்தது. இரண்டு எதிர்மறை உடன்பாடாகும் என்று ஜேம்ஸ் கிரீன்வுட் 1711இல் இலக்கண நூலில் எழுதினார், பின்னால் வந்த இலக்கண ஆசிரியர் ராபர்ட் லௌத்தும் அதையே சொன்னார். பேச்சில் மட்டும் போகவே இல்லை. லண்டன் உழைப்பாளிகளிடமும் அமெரிக்கக் கறுப்பின மக்களிடமும் இன்றும் இருக்கிறது. அதற்கும் ஒழுங்கான இலக்கணம் உண்டு.

மீனா அத்தை: நம் தமிழில் அப்படி இல்லையே அண்ணா. "எனக்குத் தெரியாமல் இல்லை" என்றால் தெரியும் என்றுதானே அர்த்தம்?

பெரியப்பா: அதனால்தான் கவின் தடுக்கி விழுந்தான் மீனா. ஆங்கிலத்திலும் அந்த மாதிரி உண்டு. "நாட் அன்ஹேப்பி" என்றால் வருத்தமில்லை, ஆனால் பெரிய சந்தோஷமும் இல்லை. ஸ்பானிஷில் பார், "நோ தெங்கோ நாதா": என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டு எதிர்மறையும் வந்தால்தான் அங்கே சரியான வாக்கியம்.

கவின்: அப்போ எப்படிப் பிரித்தறிவது?

பெரியப்பா: 'நத்திங்' மேல் தனியாக அழுத்தம் கொடுத்து இழுத்தால், 'ஒன்றுமே இல்லாமல் இல்லை, ஏதோ இருந்தது' என்று மறுக்கிறார். சாதாரணமாகச் சொன்னால் இல்லை என்றுதான் பொருள். சந்தேகம் வந்தால், "பெட்டி காலியாக இருந்ததா?" என்று நேராகவே கேட்டுவிடு.

கவின்: சரி பெரியப்பா. பதிவைத் திருத்திவிட்டேன், பணத்தைத் திருப்பி அனுப்பவும் எழுதிவிட்டேன். அந்த அம்மாவை நானே கூப்பிட்டுச் சொல்லப் போகிறேன்.

மீனா அத்தை: முதலில் மன்னிப்பு கேள்டா கண்ணா. அப்புறம் பணத்தைப் பற்றிச் சொல்.