டாம் மோனகன் பற்றி 10 நிமிடப் பேச்சு: எதற்கு எவ்வளவு நேரம்?

மறைக்கல்வி_சுங்கைசிப்புட்: எஸ்டேட் பிள்ளைகளுக்கு டோமினோஸ் பீட்சா நிறுவனர் டாம் மோனகன் பற்றிப் பேச வேண்டும். அனாதை இல்லம், ராணுவம், வியாபாரம், தர்மம் எல்லாம் இருக்கிறது. எதை நீட்டுவது?

பால்மரம்: வியாபாரத்துக்குப் பாதி நேரம் கொடுங்க டீச்சர். 1960-ல் மிச்சிகன் மாநிலம் இப்சிலாந்தியில் தம்பி ஜேம்ஸோடு பீட்சா கடையை வாங்கினார். கடன் 900 டாலர். அடுத்த வருஷமே தம்பி விலகினார். அவர் பங்குக்கு ஈடு, பழைய வோக்ஸ்வேகன் கார்! மெனுவைச் சுருக்கி, கல்லூரி விடுதிகளுக்கு டெலிவரி பண்ணினதுதான் பலம். தோல்வியையும் மறைக்காதீங்க: கிளைகளை வேகமாகப் பெருக்கி, கடன் ஏறி, 1970-ல் நிர்வாகமே கைவிட்டுப் போச்சு. மறுவருஷம் மீட்டார். 30 நிமிஷத்துக்குள்ள பீட்சா வந்துடும்னு கொடுத்த உத்தரவாதம் 1993-ல் நின்னதுக்கு, டெலிவரி வண்டி விபத்து வழக்குகளே காரணம்.

ஈப்போ_வாசகன்: ராணுவம் பற்றி ஒன்று, அவரைப் போர் வீரர் என்று சொல்ல வேண்டாம். அமெரிக்க மரைன் படையில் அவர் இருந்தது 1956 முதல் 1959 வரை. கொரியப் போர் ஓய்ந்திருந்த காலம். தரைப்படை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவர். நாலு வயதில் அப்பாவை இழந்த பிறகு ஃபெலிசியன் சபைக் கத்தோலிக்கக் கன்னியர்கள் நடத்திய அனாதை இல்லத்தில் வளர்ந்ததை முதலில் சொல்லுங்கள், பிறகு வரும் தர்மம் அப்போதுதான் புரியும். 1998-ல் நிறுவனத்தை விற்ற பணம் ஃபுளோரிடாவில் அவர் நிறுவிய அவே மரியா என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனது.

மறைக்கல்வி_சுங்கைசிப்புட்: நன்றி ஐயா. கன்னியர் இல்லத்திலிருந்தே தொடங்குகிறேன்.