நாப்பாளையத்திலிருந்து முகத்துவாரம் வரை: கொசஸ்தலையாற்றில் ஒரு பகல்

மணலிக்காரன்:
பூண்டி ஏரியில் தேங்கினால் நமக்குக் குடிதண்ணீர். அதே ஆறு எண்ணூருக்கு வரும்போது என்ன கதியில் இருக்கிறது என்பது பாலத்து மேலே நின்றால் தெரியாது. கும்மிடிப்பூண்டி ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து சின்ன வயதிலிருந்து பார்த்த தண்ணீர்தான். போன தை மாதம்தான் உள்ளே இறங்கினேன்.

நண்பரிடம் இரண்டு பேர் உட்காரும் காயாக் (துடுப்புப் போடும் ஒடுக்கமான சின்னப் படகு) இருக்கிறது. நாப்பாளையம் பாலத்துக்குப் பக்கத்தில் இறக்கினோம். தண்ணி வத்துகிற நேரமாகப் பார்த்துக் கிளம்ப வேண்டும். ஏறுகிற நேரத்தில் போனால் கடல் தண்ணி எதிரே வந்து தோளைக் கழற்றிவிடும். முதல் பாதியில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆகாயத்தாமரை, நாணல், கரையில் எருமைகள், அவ்வப்போது மூக்கைப் பிடிக்க வைக்கும் வாடை.

சடையங்குப்பம் தாண்டி ஆறு அகலமாகிற இடத்தில்தான் அந்த இருளர் குடும்பத்தைப் பார்த்தோம். இடுப்பளவு தண்ணியில் சில பெண்கள், கூடவே ஒரு பெரியவர். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. தாடை தண்ணியைத் தொடுகிற அளவு குனிந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே நகர்கிறார்கள். இறால் கையில் பட்டதும், பல்லில் கடித்துப் பிடித்திருக்கும் ஓலைப் பறிக்குள், அதாவது சின்ன ஓலைக் கூடைக்குள், போகிறது. வாயில் பறி இருப்பதால் பேச்சே இல்லை. எங்களைப் பார்த்த ஒரு அம்மா, புருவத்தை ஒரு தடவை உயர்த்தி, தலையை இடதுபக்கம் வெட்டினார். அவ்வளவுதான். துடுப்பைத் தண்ணியிலிருந்து எடுத்துவிட்டு, ஓட்டத்திலேயே ஒதுங்கிப் போனோம். அவர்கள் தடவுகிற இடத்தைக் கலக்கினால் அன்றைக்குக் கூலி போச்சு!

அதற்கப்புறம் பல இடத்தில் துடுப்பு தரை தட்டியது. வெளியே எடுத்தால் கறுப்புச் சேறு, அதற்கும் கீழே சிமெண்ட் குழம்பு மாதிரி சாம்பல். அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்து ஆற்றில் கலந்த செய்தியைப் பேப்பரில் படிப்பது வேறு, துடுப்பிலிருந்து வழித்துப் போடுவது வேறு. வலை உதறிக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம் ஆழம் கேட்டேன். "முன்னாடி இங்க கழி முழுசா முங்கும் தம்பி. இப்போ முட்டிக்கு வருது. என் படகே சில நாள் தள்ளிக்கினுதான் போவணும்."

முகத்துவாரம் வரைக்கும் போனோம், கடலுக்குள் போகவில்லை. மணல் திட்டுக்கு அந்தப் பக்கம் அலை உடைகிறது. அங்கே காயாக்கோடு விளையாட வேண்டாம்.

பொன்னேரிவாசி:
வடக்கே ஒரு வாய்க்கால் பிரியுமே, பார்த்தீர்களா? அதுதான் பக்கிங்காம் கால்வாய். அப்படியே பிடித்துப் போனால் பழவேற்காடு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்குக் கஞ்சி என்று ஆட்களை வைத்து இந்தக் கால்வாயில் நிறைய வேலை நடந்தது. எங்கள் தாத்தா காலத்தில் சவுக்கு விறகு ஏற்றிய படகுகள் இதில்தான் பட்டணம் வரும். காற்று இல்லையென்றால் கரையில் நடந்தபடி கயிறு போட்டு இழுப்பார்களாம்.

எண்ணூர் மருமகள்:
2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோது எங்கள் தெருவில் சமைக்கவே முடியவில்லை, அவ்வளவு நெடி. மாமனார் படகைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் போகவில்லை. வலையைத் தூக்கிப் போட்டுவிட்டார். நஷ்ட ஈடு வந்த கதையை இங்கே எழுதினால் இடம் பத்தாது. அலையாத்தி மரங்களில் அந்தக் கறுப்புக் கோடு இன்னும் இருக்கிறதா?

மணலிக்காரன்:
இருக்கிறது அக்கா. ரயில் பாலத்துக்குப் பக்கம் சில மரங்களில் அடித்தண்டு மட்டும் கறுப்பு, மேலே புதுத் தளிர்.

பொன்னேரிவாசி:
இறால் வாங்கினீர்களா இல்லையா?

மணலிக்காரன்:
வாங்காமலா? திரும்பி வருகிற வழியில், கரையில் வைத்து எடை போட்டுக் கொடுத்தார்கள். சொன்ன விலையைக் கொடுத்தேன். அந்தச் சேற்றில் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பேரம் பேச வாய் வரவில்லை.