தினமும் விரலைக் குத்தணுமா? நோயாளியின் கேள்விக்கு நடந்த ஆய்வுகள்: கவுன்டரிலும் வார்டிலும் கண்டவை

மருந்தாளர், செந்தூல்:
"சுகருக்கு மாத்திரைதான் போடுறேன் தம்பி, இன்சுலின் ஊசி இல்லை. தினமும் குத்திப் பார்க்கணுமா?" கவுன்டரில் ஓயாமல் வரும் கேள்வி இது. இதற்கென்றே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 2010 சட்டப்படி உருவான பிகோரி என்ற அமைப்பு, கைவசம் உள்ள வழிகளில் யாருக்கு எது உதவும் என்று ஒப்பிடும் ஆய்வுகளுக்குப் பணம் தருகிறது. அந்தப் பணத்தில் வட கரோலினாவில் இன்சுலின் போடாத 450 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு குத்தவே இல்லை. ஒரு பிரிவு தினம் ஒருமுறை குத்தியது. மூன்றாவது பிரிவுக்குக் குத்துவதோடு அறிவுரைச் செய்தியும் வந்தது. முதல் சில மாதம் குத்தியவர்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது. ஓராண்டு முடிவில் எச்பிஏ1சி அளவில், அதாவது இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில், சொல்லும்படி வித்தியாசம் இல்லை. 2017இல் வெளியான முடிவு.

இதை வைத்து மெஷினைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ஆய்வில் சேர்ந்தவர்களின் எச்பிஏ1சி 6.5க்கும் 9.5க்கும் இடையில் இருந்தது. உங்களுக்கு 12 என்றால் இது உங்களைப் பற்றிய ஆய்வே இல்லை. குத்துகிறவர்களுக்கு ஒன்று: ரம்புத்தான் உரித்த கையோடு குத்தினால் வருவது பழத்தின் சர்க்கரை. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். நம் மலேசிய ஈரத்தில், ரத்தச் சொட்டு வைக்கும் ஸ்ட்ரிப் டப்பா மூடி திறந்தே கிடந்தாலும் எண் தப்பும்.

மிஸ்ஸி (தாதி), பட்டர்வொர்த்:
மேலே சொன்னது சரி, ஆனால் எந்த மாத்திரை என்று பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சுகர் தாழ்வது அபூர்வம். கிளிக்லசைட் வேறு கதை. அது வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். தைப்பூசத்துக்கு ஒருவேளைச் சாப்பாட்டு விரதம் இருந்துகொண்டு காலை மாத்திரையை வழக்கம்போலப் போட்டால், மதியத்துக்குள் சுகர் இறங்கிவிடும். கிளிக்லசைட் போடுகிறவர்கள் குத்திப் பார்க்கத்தான் வேண்டும். மெஷினில் 4.0 mmol/Lக்குக் கீழ் போனால் மூன்று தேக்கரண்டி சீனி, ஏறக்குறைய 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கணும். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் வியர்த்து நடுங்கினால் அருள் என்று விட்டுவிடாதீர்கள். விரதம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் மாத்திரை அளவை மாற்றிக் கேளுங்கள்.

அறுவை வார்டு மிஸ்ஸி, கோலாலம்பூர்:
குடல்வால் அழற்சிக்கும் (அப்பெண்டிசைட்டிஸ்) இப்படி ஓர் ஆய்வு உண்டு. அதுவும் பிகோரி பணத்தில்தான். 1,552 பேரை ஆன்டிபயோட்டிக், அறுவை என்று பிரித்தார்கள், 2020இல் வெளிவந்தது. மருந்து எடுத்தவர்களில் 90 நாளுக்குள் 10இல் 3 பேர் எப்படியும் அறுவைக்குப் போனார்கள். குடல்வாலில் கல் இருந்தவர்களில் 10இல் 4 பேர். அதனால் "மருந்தா, அறுவையா" என்பதற்கு முன்னால் "ஸ்கேனில் கல் தெரியுதா டாக்டர்?" என்று கேட்க வேண்டும். அதோடு, திரும்ப வலி வந்தால் நடுராத்திரியில் காடி ஓட்டிக் கொண்டுவர ஆள் உண்டா என்பதும் முடிவில் ஒரு பங்கு.

ஆய்வு ஒருங்கிணைப்பாளர், ஜார்ஜ்டவுன்:
அந்தக் குடல்வால் ஆய்வு முதன்மையாக அளந்தது ரத்தத்தையோ தையலையோ அல்ல. 30 நாள் கழித்து நோயாளி நிரப்பிய, ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு தாளை. நடமாட்டம், தன்னைக் கவனித்தல், அன்றாட வேலை, வலி, மனக்கவலை. கடைசியில் உடல்நலம் எப்படி என்று 0 முதல் 100 வரை ஒரு அளவுகோல். இத்தகைய ஆய்வுகளின் உயிரே இந்தத் தாள்தான். நம் ஆட்களிடம் அது கெடுவது எப்படி என்றால்: எல்லாவற்றுக்கும் "பரவாயில்லை". வலி இருக்கிறதா ஐயா? பரவாயில்லை. கட்டம் எதில் விழும்? "பரவாயில்லைன்னா, இல்லவே இல்லையா, கொஞ்சம் இருக்கா?" என்று திருப்பிக் கேட்டால்தான் விடை வரும். அடுத்தது, பக்கத்தில் மகள் நின்றால் அப்பாவுக்கு வலியே இருக்காது. பிள்ளைகளைக் கன்டீனுக்கு அனுப்பிவிட்டுக் கேளுங்கள். கேள்வி "இன்றைக்கு" என்றால் இன்றைக்குத்தான். போன வாரம் பட்ட பாடு அதில் சேராது.

மொழிபெயர்ப்பாளர், பிரிக்ஃபீல்ட்ஸ்:
இத்தகைய ஆய்வில் சேரக் கையெழுத்திடும் சம்மதப் படிவத்தில் மூன்று இடத்தில் தமிழ் காலை வாரும். 'சோதனை' என்று எழுதினால் ரத்தப் பரிசோதனை என்று நினைத்துக் கையெழுத்துப் போடுவார்கள். 'மருந்து ஆய்வு' என்றே எழுதுங்கள். ஒப்பிடுவதற்காகத் தரும் பிளாசிபோவை 'போலி மருந்து' என்றால் ஏமாற்று வேலை என்று எழுந்து போய்விடுவார்கள். 'மருந்து கலக்காத மாத்திரை' போதும். எந்தப் பிரிவு என்பதை டாக்டர் தேர்ந்தெடுப்பதில்லை, குலுக்கல்போல அமைகிறது என்பதைத் தனி வாக்கியமாக வையுங்கள். பெரும்பாலானோர் மயங்குவது அங்கேதான்.

தமிழ் பேசி மலாய் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் நிறைய. இரண்டு மொழிப் படிவமும் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

ஆய்வு ஒருங்கிணைப்பாளர், ஜார்ஜ்டவுன்:
ஒன்றுமே படிக்க வராதவருக்குப் படித்துக்காட்டும்போது ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி கூட இருந்து கையெழுத்திட வேண்டும். என் ஊழியர் சாட்சியாக முடியாது. கையெழுத்தான படிவத்தின் ஒரு பிரதி உங்கள் கையில் வர வேண்டும். ஆய்வின் பதிவு எண்ணும், ஆய்வுக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.