தெருச்சந்தையில் நின்ற இடத்திலேயே பொருளைச் சோதித்து வாங்குவது எப்படி?

கேள்வி – புதுவழி

வணக்கம். வர்ற ஞாயிற்றுக்கிழமை நகரத்தில் இருக்கிற பெரிய தெருச்சந்தைக்குப் போகப் போறேன். கூட அம்மாவும் (65 வயசு, முட்டி வலி உண்டு) 6 வயசு மகளும் வர்றாங்க. திரைச்சீலைக்கு 10 மீட்டர் காட்டன் துணி, அம்மாவுக்குச் செருப்பு, ஒரு பவர் பேங்க், 128 ஜிபி மெமரி கார்டு வாங்கணும். நடைபாதைக் கடையில் பொருளை மாத்திக் கேட்க முடியாதுன்னு தெரியும். அப்போ அங்கேயே நின்னு எதை எப்படிச் சோதிக்கிறது? எந்த நேரம் போனா நல்லது? கூட்டத்தில் குழந்தையை எப்படிப் பார்த்துக்கிறது?

பதில் – நூலிழை

முதல்ல நேரத்தை முடிவு பண்ணுங்க. பொருளைச் சோதிக்க முடியுமா முடியாதாங்கிறதே அதை வச்சுத்தான். கடை விரிச்ச முதல் ஒன்றரை மணி நேரத்தில் கடைக்காரருக்குத் துணியைப் பிரிச்சுக் காட்டப் பொறுமை இருக்கும், பின்னாடி நிக்கிறவங்க இடிக்க மாட்டாங்க, பகல் வெளிச்சமும் கிடைக்கும். விளக்கு வெளிச்சத்தில் துணியின் நிறம் வேற மாதிரி தெரியும். கருநீலத்துக்கும் கருப்புக்கும் வித்தியாசமே தெரியாது.

துணியில் ஏமாறுற முதல் இடம் அளவு. மீட்டரில் சொல்றாரா கெஜத்தில் சொல்றாரான்னு கேட்டுக்கோங்க. ஒரு கெஜம் 91.44 செ.மீ.தான். 10 மீட்டர்னு நினைச்சு 10 கெஜம் வாங்கினா 85.6 செ.மீ. குறையும், திரைச்சீலையில் ஒரு பக்கம் குட்டையாகிடும். அடுத்தது பன்னா, அதாவது துணியின் அகலம். 36 அங்குலப் பன்னாவும் 54 அங்குலப் பன்னாவும் ஒரே விலைன்னா ரெண்டும் ஒண்ணு இல்ல. தையல் டேப் ஒண்ணு பையில் இருக்கட்டும். அளக்கும்போது துணியை இழுத்துப் பிடிக்காம, தளர்வா விட்டு அளக்கச் சொல்லுங்க.

காட்டனான்னு பார்க்க, தடவிப் பார்த்தா மட்டும் போதாது. கஞ்சி போட்ட பாலியஸ்டர் கலப்பும் கைக்குக் காட்டன் மாதிரியேதான் இருக்கும். ஓரத்திலிருந்து கட்டைவிரல் அளவு துண்டு கேளுங்க. பாவு நூல் (நீளவாக்கில் ஓடுறது) ஒண்ணு, ஊடை நூல் (குறுக்கே ஓடுறது) ஒண்ணு தனித்தனியா உருவுங்க, ஏன்னா பாவு காட்டனாவும் ஊடை பாலியஸ்டராவும் இருக்கிற துணி நிறைய வருது. கடைகிட்ட நெருப்பு கூடவே கூடாது, சுத்திலும் துணி. சந்தையை விட்டுத் திறந்த வெளிக்குப் போய் இடுக்கியில் பிடிச்சுப் பத்த வைங்க. காகிதம் எரியுற வாசனையோட மெல்லிய சாம்பலா உதிர்ந்தா காட்டன். சுருங்கி உருகி, கடினமான கருப்பு மணியா உருண்டா பாலியஸ்டர். ரெண்டும் கலந்து தெரிஞ்சா கலப்பு நூல்.

சாயத்துக்கு: வெள்ளைக் கைக்குட்டையின் முனையை நனைச்சு, துணி மேல 10, 15 தடவை அழுத்தித் தேய்ங்க. அடர் சிவப்பு, கருநீலம், கருப்பு மூணையும் இப்படிப் பார்க்காம எடுக்காதீங்க.

முன்கூட்டியே சுருக்காத காட்டன் முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். 10 மீட்டரில் அது அரை மீட்டர் வரை. அதனால பத்தரை மீட்டர் வாங்கி, நனைச்சுக் காய வச்ச பிறகு தைக்கக் கொடுங்க.

பதில் – மின்கலம்

பவர் பேங்க், மெமரி கார்டு ரெண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துடுங்கன்னுதான் சொல்வேன். காரணம் கடைக்காரர் மேல சந்தேகம் இல்ல. அவருக்கே உள்ளே என்ன இருக்குன்னு பெரும்பாலும் தெரியாது.

பவர் பேங்குக்குள் வழக்கமா இருக்கும் 18650 வகை உருளை செல் ஒண்ணு சுமார் 45 கிராம் எடை. நல்ல செல்லே சுமார் 3,500 எம்ஏஎச் (mAh, மின்சாரம் தேக்குற அளவு) வரைதான் தாங்கும். 20,000 எம்ஏஎச் வேணும்னா குறைஞ்சது ஆறு செல். செல் எடை மட்டுமே 270 கிராம், கூடோட சேர்த்து 300-ஐத் தாண்டணும். 20,000-னு அச்சடிச்சு 150 கிராம்தான் இருந்தா அது பொய். ஆனா எடை சரியா இருக்கிறதாலயே அசல்னு ஆகிடாது, உள்ளே மணல் நிரப்பி எடையேத்தின பவர் பேங்கும் உண்டு. இன்னொரு கணக்கு: எம்ஏஎச் எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தா வாட் மணி (லேபிளில் Wh) வரும். 10,000-க்கு 37. லேபிளில் ரெண்டு எண்ணும் ஒத்துப்போகலைன்னா கீழே வச்சிடுங்க. உடம்பு உப்பியிருந்தாலும், இனிப்பான ரசாயன வாடை அடிச்சாலும் கையிலேயே எடுக்க வேண்டாம்.

மெமரி கார்டில் போலிக்காரர்கள் கண்ட்ரோலர் சிப்பை (கார்டின் கொள்ளளவைப் போனுக்குச் சொல்ற சிப்) மாத்தி எழுதி, 8 ஜிபி கார்டை 128-னு காட்ட வைப்பாங்க. போனில் போட்டா 128-னே தெரியும். 8 ஜிபி தாண்டினதும் பழைய படம் அழியும் இல்லன்னா புதுசு கெட்டுப்போகும். உண்மையைக் கண்டுபிடிக்க முழுக் கார்டையும் நிரப்பித் திரும்பப் படிக்கணும் (எஃப்3, எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருள்கள் செய்றது அதைத்தான்). நொடிக்கு 20 எம்பி வேகத்தில் 128 ஜிபி எழுதவே ஒண்ணேமுக்கால் மணி நேரம் ஆகும். கடை வாசலில் அது நடக்காது.

பதில் – தெருமுனை

அம்மாவுக்குச் செருப்பு வாங்க மட்டும் காலை நேரம் சரிவராது. நாள் போகப் போகப் பாதம் கொஞ்சம் வீங்கும், காலையில் கச்சிதமா இருந்தது மாலையில் கடிக்கும். அதனால அதைக் கடைசியா வையுங்க. ரெண்டு காலிலும் போட்டு நின்னு பார்க்கணும், உட்கார்ந்து இல்ல. விரலுக்கு முன்னாடி ஒரு செ.மீ. இடைவெளி இருக்கணும். முட்டி வலிக்காரங்களுக்கு முக்கியம் இது: செருப்பை ரெண்டு கையாலும் வளைச்சுப் பாருங்க. விரல் மடங்குற இடத்தில் வளையலாம், நடுப்பாதத்தில் மடிஞ்சா வேண்டாம்.

மகளைக் காலையில் கிளம்பும்போதே அந்த உடுப்போட ஒரு படம் எடுத்துக்கோங்க. தொலைஞ்சா என்ன நிறச் சட்டைன்னு பதட்டத்தில் நினைவு வராது. உங்க எண்ணை அவ மணிக்கட்டின் உட்புறம் பேனாவில் எழுதி, மேல ஒட்டும் டேப் போடுங்க, வேர்வையில் அழியாது. "என்னைக் காணலைன்னா தேடி நடக்காதே, பக்கத்துக் கடையில் விற்கிறவங்ககிட்ட போய் அங்கேயே நில்"னு சொல்லிக் கொடுங்க. நடமாடுறவங்களை விட கடைக்காரர் பாதுகாப்பு, அவர் இடத்தை விட்டு நகர மாட்டார்.

கூட்டத்தைப் பொறுத்தவரை, ஒரு சதுர மீட்டருக்கு ரெண்டு மூணு பேர்னா நடக்கலாம். நாலு அஞ்சு பேர் ஆனா தோள் உரசும், அந்த நிலையிலேயே வெளியேறிடுங்க. ஆறுக்கு மேல போனா நம்ம நடை நம்ம கையில் இல்ல, கூட்டம் தண்ணி மாதிரி அலையடிக்கும். மாட்டிக்கிட்டா எதிர்த்துத் தள்ளாதீங்க. கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வச்சு மூச்சுவிட இடம் வைங்க, அலை தணியும்போது குறுக்குவாட்டில் ஓரத்துக்கு நகருங்க, கீழ விழுந்த எதையும் குனிஞ்சு எடுக்காதீங்க. குழந்தையைத் தூக்கிக்கோங்க.

பை முன்பக்கம், ஜிப் உடம்பைப் பார்த்து. கூட்ட நேரத்தில் நெட்வொர்க் திணறி, க்யூஆர் பணம் நடுவில் நிக்கும். கணக்கில் பார்க்காம ரெண்டாவது தடவை அனுப்பாதீங்க. சில்லறையும் கொஞ்சம் வச்சுக்கோங்க.

புதுவழி

பவர் பேங்கையும் கார்டையும் விட்டுட்டேன். பேரம் பேசத் தெரியாது எனக்கு. சொன்ன விலையில் பாதியிலிருந்து ஆரம்பிக்கணும்னு சொல்றாங்களே, சரியா?

நூலிழை

பாதிக் கணக்கு எல்லாத்துக்கும் பொருந்தாது. லாபம் குறைவான பொருளில் பாதி கேட்டா அவருக்கு மனசு கசக்கும், பேச்சே நின்னுடும். மூணு கடையில் அதே துணிக்கு, அதே பன்னாவுக்கு விலை கேளுங்க. அதில் குறைஞ்ச விலையை வச்சு, பிடிச்ச கடையில் பேசுங்க. பத்தரை மீட்டரும் ஒரே இடத்தில் எடுக்கிறேன்னு சொன்னா இறங்குவாங்க. ஒத்துக்கிட்ட பிறகு வேண்டாம்னு நகரக் கூடாது, அதனால சாயம், பன்னா, நூல் எல்லாம் பார்த்து முடிச்சுட்டுத்தான் விலை பேசணும். மொத்தத் தொகையை வாய்விட்டுச் சொல்லி உறுதி பண்ணிட்டு, அப்புறம் கத்திரி வைக்கச் சொல்லுங்க. வெட்டினதுக்கு அப்புறம் ஒண்ணும் பேச முடியாது.